இரண்டரைக் கட்டைக்கு ஒரு கேப்போ: ரப்பர் மாற்றியதும் புதிதாக வாங்கியதும்

எங்கள் கொயரில் கீபோர்டு வாசிக்கிற அண்ணனுக்கு ஒரு சொகுசு உண்டு. பாட்டு எந்தச் சுருதியில் வந்தாலும் டிரான்ஸ்போஸ் பட்டனை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் தனக்குப் பழகிய சி மேஜரிலேயே விரலை ஓட்டிக்கொண்டிருப்பார். கிட்டாரில் அந்தப் பட்டன் கிடையாது. "தம்பி, இன்னைக்கு தொண்ட சரியில்ல, அரைக்கட்ட இறக்கிக்கலாமா" என்று பாடுகிற அக்கா ஆராதனை தொடங்கப்போகிற நேரத்தில் கேட்பார்; ஒன்று, பாட்டு முழுக்க, ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அமுக்குகிற பார் கார்டாகப் பிடித்து மணிக்கட்டு நோகவேண்டும், இல்லையென்றால் கேப்போ போடவேண்டும். எங்கள் ஊர் மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் நடுவில். எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று கல்யாணத்துக்குக் கூப்பிடுவார்கள், அங்கே போனால் தமிழ்ப் பாட்டுக்கு ஒருவர், மலையாளப் பாட்டுக்கு இன்னொருவர் என்று பாடுகிற ஆளும் மாறும், சுருதியும் மாறும். வாரம் தவறாமல் கேப்போவோடு மல்லுக்கட்டுகிறவன் என்ற தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

புதிதாக வாசிக்க வருகிறவர்களுக்கு: கேப்போ என்பது கிட்டார் கழுத்தில் மாட்டுகிற ஒரு கவ்வி. ஆறு கம்பியையும் ஏதாவது ஒரு ஃப்ரெட்டில், அதாவது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோட்டில், அமுக்கிப் பிடித்துக்கொள்ளும், தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்குகிற நட் அந்த இடத்துக்கு நகர்ந்து வந்துவிட்ட மாதிரி. ஒரு ஃப்ரெட்டுக்கு ஒரு ஸ்வரம் ஏறும். நம் ஊர்க் கட்டைக் கணக்கில், அதாவது கீபோர்டின் வெள்ளைக் கட்டைகளை சி ஒன்று, டி இரண்டு என்று எண்ணி, நடுவில் வருகிற கறுப்பை அரை என்று சொல்கிற கணக்கில், பெரும்பாலும் அரைக்கட்டை. பெரும்பாலும் என்று சொல்லக் காரணம், மூன்று கட்டைக்கும் நாலு கட்டைக்கும் நடுவில் கறுப்புக் கட்டை இல்லை, அங்கே ஒரே ஃப்ரெட்டில் ஒரு முழுக் கட்டை தாண்டிவிடும். ஏழிலிருந்து மேல் ஒன்றுக்குப் போகும்போதும் அப்படித்தான். இது தெரியாமல் ஃப்ரெட்டுக்கு அரை அரையாக எண்ணிக்கொண்டே போனால் நாலரைக் கட்டை கேட்டவருக்கு ஐந்து கட்டையில் கொடுத்துவிட்டு முழிக்கவேண்டி வரும்.

நான் மனதில் வைத்திருக்கிற கணக்கு சி, டி, ஜி என்ற மூன்று வடிவத்தில் அடங்கிவிடும். ஒன்றரைக் கட்டை என்றால் சி கார்ட் வடிவம், முதல் ஃப்ரெட்டில் கேப்போ. இரண்டரை என்றால் டி வடிவம் முதல் ஃப்ரெட், அல்லது சி வடிவம் மூன்றாம் ஃப்ரெட். மூன்று கட்டைக்கு டி வடிவம் இரண்டாம் ஃப்ரெட். நாலு என்றால் டி வடிவம் மூன்று. பெண்குரலுக்கு அடிக்கடி வருகிற ஐந்தரைக்கு ஜி வடிவம் முதல் ஃப்ரெட், ஆறுக்கு ஜி வடிவம் இரண்டு, ஆறரைக்கு மூன்று. கேப்போவால் ஏற்ற மட்டும்தான் முடியும், இறக்க முடியாது என்று சொல்வார்கள், அது சரிதான், ஆனால் மூன்று கட்டைப் பாட்டை ஏற்கனவே இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ போட்டுத்தான் வாசிக்கிறோம் என்றால் அக்கா கேட்ட அரைக்கட்டை இறக்கம் கேப்போவை ஒரு ஃப்ரெட் பின்னால் தள்ளுவதோடு முடிந்தது. அதனாலேயே கொஞ்சம் இடம் விட்டுத் தொடங்குகிற வடிவமாகப் பார்த்து எடுத்துக்கொள்வது என் பழக்கம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் இருந்தது 200, 300 ரூபாய்க்கு எங்கும் கிடைக்கிற ஸ்பிரிங் கேப்போ. துணி காயப்போடுகிற கிளிப் மாதிரி அமுக்கி மாட்டுவது. ரொம்ப நாள் ஒழுங்காகத்தான் இருந்தது. போன மழைக்கு அப்புறம் கேப்போ போட்ட பாட்டெல்லாம் கீபோர்டோடு ஒட்டவில்லை. "சுருதி ஏறி நிக்குது மக்களே, டியூன் பண்ணினியா" என்று அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார். டியூன் பண்ணித்தான் இருந்தது. கேப்போ இல்லாமல் ஆறு கம்பியும் ட்யூனரில் பச்சை விளக்குக் காட்டும், கேப்போ போட்டதும் தடித்த ஆறாம் கம்பியும் மூன்றாம் கம்பியும் பத்து சென்ட்டுக்கு மேல் ஏறும், முதல் கம்பி மட்டும் அசையாது. நூறு சென்ட் ஒரு ஸ்வரம். பத்து சென்ட் தனியாக வாசிக்கும்போது யாருக்கும் தெரியாது, பக்கத்தில் கீபோர்டு நீட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும்போது நன்றாகவே கேட்கும். ஆறு கம்பியும் ஒரே அளவு ஏறியிருந்தாலாவது பரவாயில்லை. இங்கே கம்பிக்குக் கம்பி வேறு அளவு, அதுதான் காதைக் குத்துகிறது.

கம்பி ஏறுவதற்குக் காரணம் எளிது. ஃப்ரெட்டைத் தொடுகிற அளவுக்கு அமுக்கினாலே சத்தம் சுத்தமாக வந்துவிடும். அதற்கு மேல் அமுக்குகிற ஒவ்வொரு பங்கும் கம்பியை ஃப்ரெட்டுக்குப் பின்னால் மரத்தை நோக்கி வளைக்கும், வளைந்தால் இழுவிசை கூடும், கூடினால் சுருதி ஏறும். ஸ்பிரிங் கேப்போவில் அமுக்கத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழி இல்லை, ஸ்பிரிங் என்ன வைத்திருக்கிறதோ அதுதான். கழுத்து மேலே போகப்போகத் தடிக்கும், கேப்போ இன்னும் அகலமாக விரியும், ஸ்பிரிங் இன்னும் பலமாக அமுக்கும். அதனால் ஐந்தாம் ஃப்ரெட்டில் தொல்லை அதிகம்.

ஆனால் இதெல்லாம் மழைக்கு முன்னாலும் உண்டே, இப்போது என்ன புதிதாக? கேப்போவைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ரப்பரில் ஆறு பள்ளம். கம்பி ஒவ்வொன்றும் தன் தடத்தை உழுது வைத்திருக்கிறது, ஆறாம் கம்பியின் தடம் நகக்கண் உள்ளே போகிற ஆழம், தடிக் கம்பியின் சுற்று வரிகூட ரப்பரில் பதிந்திருக்கிறது. முதல் கம்பிக்கு வெறும் கோடு. ரப்பரும் விறைத்துப் போய், மடக்கினால் ஓரத்தில் வெடித்தது. இப்படிப் பள்ளம் விழுந்தபின் கேப்போவை முன்பு மாட்டிய அதே இடத்தில் ஒரு மயிரிழை தள்ளி மாட்டினாலும் கம்பி தன் பழைய பள்ளத்துக்குள் போய் விழும், அதாவது பக்கவாட்டில் இழுபடும். ட்யூனர் ஏன் கம்பிக்குக் கம்பி வேறு காட்டியது என்பதற்கு அதிலேயே பதில் இருந்தது.

இனி ரப்பர் மாற்றிய கதை. ரப்பருக்குப் பஞ்சமில்லாத ஊர் இது, அருமனை, குலசேகரம் பக்கம் போனால் ரோட்டின் இரண்டு பக்கமும் பால் சிரட்டை கட்டிய மரம்தான். பக்கத்து வீட்டு மாமா விஷயத்தைக் கேட்டதும் "இதுக்கா மெனக்கெடுத, நம்ம ஷீட்டு ஒரு துண்டு வெட்டிக்கோ" என்று புகைக்கூட்டிலிருந்து எடுத்து நீட்டினார். நல்ல மனசு. ஆனால் அது ஆகாது. ஷீட் என்பது பாலை உறையவைத்து, உருளையில் கொடுத்துப் புகையில் உலர்த்தியது, அவ்வளவுதான். கந்தகம் சேர்த்துச் சூடாக்கி முறுக்கேற்றிய ரப்பர் அல்ல. கம்பி அழுத்திக்கொண்டே இருந்தால் அப்படியே குழிந்து போகும், திரும்பி எழும்பாது, வெயிலில் பிசுபிசுக்கவும் செய்யும். சிரட்டையில் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பாலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தேவைப்படுவது முறுக்கேற்றிய ரப்பர், அது பஞ்சர் கடையில் சும்மாவே கிடைக்கிறது.

கழித்துப்போட்ட பைக் டியூப் ஒரு துண்டு வாங்கிவந்தேன். சைக்கிள் டியூப் மெல்லிசு, இரண்டு அடுக்கு ஒட்டவேண்டும், ஒட்டின இடம் நகரும், பைக் டியூப் ஒரே அடுக்கில் போதும். உள்பக்கத்து வெள்ளைப் பொடியைச் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும், இல்லையென்றால் எந்தப் பசையும் பிடிக்காது. பழைய ரப்பரைப் பிளேடால் வழித்து, கேப்போவின் உலோகத்தை உப்புத்தாளால் பளபளப்புப் போகத் தேய்த்தேன், டியூப் துண்டையும் அப்படியே ஒரு தேய்ப்பு. ஒட்டுவதற்குப் பஞ்சர் சொல்யூஷன். சட்டென்று ஒட்டுகிற சின்னக் குப்பிப் பசை எல்லார் வீட்டிலும் இருக்கும், அது காய்ந்தால் கண்ணாடி மாதிரி விறைக்கும், ரப்பர் வளைகிற இடத்தில் உடைந்து விலகும், அதனால் வேண்டாம் என்று விட்டேன். சொல்யூஷனை இரண்டு பக்கமும் மெல்லப் பூசி, ஈரம் போய் விரலில் லேசாக ஒட்டுகிற பதம் வரும்வரை காத்திருந்து, அப்புறம் சேர்த்து அமுக்கவேண்டும். பூசிய கையோடு ஒட்டினால் நடுவில் காயாமலே கிடக்கும். இதைப் பஞ்சர் கடைக்காரர் சொல்லித்தான் தெரியும், அவர் நாள் முழுக்க அதைத்தானே செய்கிறார். ராத்திரி முழுக்க ஒரு மரத்துண்டோடு சேர்த்துக் கட்டிவைத்து, காலையில் ஓரத்தை நறுக்கினேன்.

ஒரு எச்சரிக்கை. விலை உயர்ந்த பழைய கிட்டார் சிலவற்றில் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு இருக்கும், அதன்மேல் ரப்பர் பட்டுக்கொண்டே இருந்தால் பூச்சு இளகும், கறை விழும். கழுத்தின் பின்பக்கம் படுகிற ரப்பர்தான் அங்கே ஆபத்து. நம் கையில் இருப்பது பெரும்பாலும் பாலியூரித்தேன் பூச்சு, அதற்கு ஒன்றும் ஆகாது.

பலன்? பாதிக்கு மேல் சரியானது. மூன்றாம் கம்பி ஒழுங்குக்கு வந்தது. ஆறாம் கம்பி இன்னும் கொஞ்சம் ஏறித்தான் நின்றது, ஸ்பிரிங்கின் பலம் மாறவில்லையே. இந்த இடத்தில்தான் புதிது ஒன்று வாங்குவோம் என்று முடிவு செய்தேன். வாங்குமுன் கொஞ்சம் தேடிப் படித்ததையும் கையில் வாங்கிப் பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

எலாஸ்டிக் பட்டை போட்டது மிக மலிவு, ஸ்கூல் பையில் கிடக்கலாம், பாட்டுக்கு நடுவில் மாற்ற முடியாது, எலாஸ்டிக் சீக்கிரம் தொய்யும். ஸ்பிரிங் வகையில் பெயர் பெற்றது கைஸர், டெக்சாஸ்காரர்களுடையது. டன்லப் ட்ரிகரும் அதே இனம். ஒரே கையால் ஒரு நொடியில் மாட்டிக் கழற்றலாம், இரண்டு பாட்டுக்கு நடுவில் மூச்சுவிட நேரம் இல்லாதவர்களுக்கு அதுதான் சரி, அமுக்கத்தை மாற்ற முடியாது என்பதைத் தெரிந்தே வாங்கவேண்டும். நெம்புகோல் வகை ஷப்புடையது, 1980 முதல் வருகிறது: பின்னால் இருக்கிற திருகை உங்கள் கழுத்துக்கு ஏற்ப ஒருமுறை வைத்துக்கொண்டால், நெம்புகோலை மடக்கும்போது ஒவ்வொரு தடவையும் அதே அமுக்கம் கிடைக்கும், வேறு ஃப்ரெட்டுக்குப் போனால் திருகை ஒரு துளி தொடவேண்டியிருக்கும். திருகு மட்டும் உள்ளதில் பிளானட் வேவ்ஸ் என்எஸ் பிரபலம், நெட் ஸ்டைன்பெர்கர் வடிவமைத்தது. அமுக்கத்தை இழை இழையாகக் கூட்டலாம், ஆனால் அவசரத்துக்கு ஆகாது. இங்கிலாந்தின் ஜி7த் கையால் பிடித்து அமுக்கினால் அந்த அமுக்கத்திலேயே பூட்டிக்கொள்ளும், மிக வசதி, விலை கேட்டால் பழைய கேப்போவே போதும் என்று தோன்றும்.

வகையைவிட முக்கியமாக ஒன்றைப் பார்க்கவேண்டும், கடையில் யாரும் சொல்லமாட்டார்கள். கிட்டார் கழுத்தின் முகம் தட்டையாக இருக்காது, லேசாகக் குவிந்திருக்கும். ஸ்டீல் கம்பி கிட்டாரில் அந்தக் குவிவு 12 முதல் 16 அங்குல ஆரத்துக்குள் இருக்கும், சில பழைய எலெக்ட்ரிக் கிட்டாரில் 7.25 அங்குலம், அதாவது நன்றாகவே வளைந்தது. நைலான் கம்பி கிளாசிக்கல் கிட்டார் தட்டை, கழுத்தும் அகலம், நட் பக்கமே 52 மில்லிமீட்டர் வரும், ஸ்டீல் கம்பிக்கு 43, 44 தான். வளைந்த கேப்போவைத் தட்டைக் கழுத்தில் மாட்டினால் ஓரத்துக் கம்பிகள்தான் பலமாக அமுங்கும், நடுக்கம்பி கரகரக்கும்; தட்டைக் கேப்போவை வளைந்த கழுத்தில் மாட்டினால் நேர் எதிர். ஷப் இதனால்தான் ஸ்டீல் கம்பிக்கு சி1, நைலானுக்கு சி2, பன்னிரண்டு கம்பிக்கு சி3 என்று தனித்தனியாகச் செய்கிறது. கேரளப் பக்கத்துக் கடை ஒன்றில் நைலான் கம்பிக்கான கேப்போவை எடுத்துக்கொடுத்து "எல்லாம் ஒண்ணுதான்" என்றார்கள். ஒன்றில்லை. முடிந்தால் உங்கள் கிட்டாரையே கையோடு கொண்டுபோய் மாட்டி, ஒவ்வொரு கம்பியாக மெதுவாகத் தட்டிக் கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள்.

நான் வாங்கியது நெம்புகோல் வகை. இரண்டாயிரத்தைத் தாண்டியது, வீட்டில் சொன்ன விலை வேறு. திருகைத் தளர்வாக வைத்து, கம்பிகள் கரகரக்கிற நிலையிலிருந்து தொடங்கி, கரகரப்பு எப்போது நிற்கிறதோ அங்கே நிறுத்தி, அதற்குமேல் ஒரு சின்னத் திருகல் மட்டும். அந்தச் சின்னத் திருகல் எதற்கென்றால், கமகம் மாதிரி கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து வாசிக்கிறவர்களுக்கு அமுக்கம் போதாவிட்டால் கம்பி கேப்போவுக்கு அடியில் வழுக்கும், விட்டதும் பழைய சுருதிக்குத் திரும்பாது. வெறும் ஸ்டிரம்மிங் என்றால் அதுவும் தேவையில்லை. ட்யூனரில் இப்போது ஆறு கம்பியும் ஒன்றிரண்டு சென்ட்டுக்குள் நிற்கிறது.

மாட்டும் இடம் ஃப்ரெட்டுக்குச் சற்றுப் பின்னால், ஃப்ரெட்டை ஒட்டி, ஃப்ரெட்டுக்கு இணையாக. ஃப்ரெட்டின் மேலேயே ஏறினால் கம்பி ஊமையாகும், இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் போட்டால் அதே சுத்தத்துக்கு அதிக அமுக்கம் தேவைப்படும், பழைய கதைதான். மேலிருந்து நேராக இறக்கவேண்டும், ஓரத்திலிருந்து தள்ளிக்கொண்டு வந்தால் கம்பிகள் சாய்ந்து அமுங்கும். மாட்டியபின் ஒவ்வொரு கம்பியையும் சவுண்ட் ஹோல் பக்கத்தில் இரண்டு விரலால் பிடித்து மெல்ல மேலே ஒரு இழுப்பு இழுத்து விடுங்கள், கேப்போவுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில் அதிகமாக மாட்டிக்கொண்ட இழுவிசை சமமாகிவிடும். ட்யூனிங் குமிழைத் தொடுவதற்கு முன் இதைச் செய்தால் பாதி நேரம் குமிழைத் தொடவே வேண்டியிருக்காது.

கேப்போவைக் கழற்றியபின் சுருதி பழைய இடத்துக்குத் திரும்பவில்லை என்றால் கேப்போவைத் திட்டாதீர்கள். நட்டின் காடியில் கம்பி சிக்கிக்கொண்டு திரும்பி வழுக்கவில்லை. குமிழைத் திருகும்போது 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்கிறதா, அதுதான் அடையாளம். கம்பியைத் தளர்த்திக் காடிக்குள் பென்சில் கரியை நன்றாகத் தேய்த்துவிட்டால் போதும், கிராஃபைட் வழுக்கும். எண்ணெய் வேண்டாம், மரத்துக்குள் இறங்கும்.

முதல் மூன்று ஃப்ரெட்டில் கம்பிக்கு நேர் கீழே பள்ளம் விழுந்திருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். தினம் சி, ஜி, டி பிடிக்கிற கிட்டார் என்றால் இரண்டாம் கம்பிக்குக் கீழே நிச்சயம் இருக்கும். கேப்போ அந்தப் பள்ளத்தில் கம்பியைக் கொண்டுபோய் வைக்கும், எவ்வளவு அமுக்கினாலும் கரகரப்பு போகாது. அது ஃப்ரெட் வேலை, கேப்போ மாற்றிப் பயனில்லை.

கேப்போவை நான் பாட்டுக்கு வெளியேயும் பயன்படுத்துகிறேன். முதல் ஃப்ரெட்டில் மாட்டியதும் கிட்டார் திடீரென்று வாசிக்க இலகுவாகிவிட்டது, சுருதியும் ஒழுங்காக நிற்கிறது என்றால் உங்கள் நட் காடிகள் ஆழம் போதாமல் கம்பி உயரத்தில் நிற்கிறது என்று அர்த்தம். அடுத்து கழுத்தின் வளைவு: முதல் ஃப்ரெட்டில் கேப்போ, கழுத்து உடலோடு சேர்கிற பதினாலாம் ஃப்ரெட்டில் ஒரு விரல், இப்போது ஆறாம் கம்பி நேர்க்கோல் ஆகிவிட்டது, ஏழாம் ஃப்ரெட் பக்கத்தில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். 0.25 மில்லிமீட்டர் பக்கம் இருந்தால் நல்லது. அளக்க ஃபீலர் கேஜ் பைக் மெக்கானிக்கிடம் இருக்கும், டேப்பட் வைக்க அதைத்தான் செருகிப் பார்ப்பார். எங்கள் பக்கம் இடவப்பாதியும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, மரம் ஈரம் குடித்து விரியும்போது கம்பி உயரும், உயர்ந்த கம்பியை அமுக்க அதிக தூரம், மறுபடி சுருதி ஏற்றம். கழுத்துக்குள் ஓடுகிற ட்ரஸ் ராட் என்ற கம்பியை ஆலன் கீயால் திருப்பினால் கழுத்து வளைவு சரியாகும், ஒருநேரத்தில் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம், திருப்பியபின் மறுபடி டியூன் செய்துவிட்டு அளக்கவேண்டும்.

இரண்டு கிட்டார் இருந்தால் கேப்போவுக்கு இன்னொரு வேலையும் கொடுக்கலாம். ஐந்து கட்டைப் பாட்டுக்கு ஒருவர் சாதாரண ஜி வடிவம் வாசிக்க, மற்றவர் ஐந்தாம் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு டி வடிவம் வாசித்தால் அதே ஸ்வரங்கள்தான், ஆனால் மேல் ஸ்தாயியில் மாண்டலின் மாதிரி மினுங்கும். ஏழாம் ஃப்ரெட்டில் சி வடிவமும் ஐந்து கட்டைதான், ஆனால் 650 மில்லிமீட்டர் நீளக் கம்பியில் முதல் ஃப்ரெட் இடைவெளி 36.5 மில்லிமீட்டர் இருக்க, ஏழாவது 25.8 தான், அதற்குமேல் இன்னும் குறுகும். என் விரல் தடிமனுக்கு அங்கே ஏ கார்ட் பிடிக்க இடம் கிடையாது.

கழற்றி வைப்பது பற்றி: வாசித்து முடிந்ததும் கிட்டாரில் மாட்டியபடியே உறையில் போடாதீர்கள். கம்பியும் தேவையில்லாமல் இழுபட்டுக் கிடக்கும், ரப்பரில் பள்ளம் விழுகிறதும் அப்படித்தான். எங்கள் ஊர் ஈரத்துக்கு ஸ்பிரிங்கில் துரு ஏறும், அதில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, ரப்பரில் படாமல் துடைக்கவேண்டும். பழைய ஸ்பிரிங் கேப்போவை நான் தூக்கிப் போடவில்லை, டியூப் ரப்பரோடு அது இப்போது கிட்டார் தலையில் கவ்வியிருக்கிறது, அக்கா பாட்டுக்கு நடுவில் ஏற்றச் சொன்னால் அதைத்தான் எடுக்கிறேன்.

பாறசாலைப் பக்கமிருந்து வந்து எங்களோடு வாசிக்கிற ஒரு சேட்டன் பன்னிரண்டு கம்பி கிட்டார் வைத்திருக்கிறார். என் கேப்போவை அதில் மாட்டிப் பார்த்தோம். தடிக் கம்பிக்குப் பக்கத்திலேயே மெல்லிய ஜோடிக் கம்பி நிற்கிறதே, தடிக் கம்பி ரப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறது, மெல்லியது அமுங்காமல் கரகரக்கிறது. திருகை இறுக்கினால் தடிக் கம்பியின் சுருதி ஏறுகிறது. அவருக்கு சி3 சொல்லியிருக்கிறோம். அது வரும்வரை அவர் கேப்போ இல்லாமல் இரண்டு, ஐந்து, ஆறு கட்டைப் பாட்டுக்கு மட்டும் வாசிக்கிறார், மற்றதற்கு டாம்பரின் எடுத்துக்கொள்கிறார்.